ஒன்றும் மூன்று சுழியங்களும்

ஓசூர்
22 ஜூன் 2025

கிருஷ்ணகிரி விடுதிச் சிறையில் கணிதக் கைதியாக இருக்கும் என் அத்தை மகள் சௌமியாவுக்கு,

உன் மாமன் மகன் ஹரீஷ்குமார் எழுதிக்கொள்வது. உங்கள் விடுதியில் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாம். அதனால் பரீட்சை இல்லாத ஒரு நாளில் பேனா பிடிக்கிறேன். இது தபாலில் வராது. உன் அண்ணன் தினேஷ் மச்சான் ஞாயிறுதோறும் நாகரசம்பட்டி வீட்டுக்குப் போகிற வழியில் உனக்குச் சோற்று டப்பா கொடுக்கிறானே, அந்த டப்பாவுக்கு அடியில் வரும். (மச்சான், பிரித்துப் படித்துக்கொண்டிருந்தால் இதோடு நிறுத்திக்கொள். கீழே உன்னைத்தான் கிழித்திருக்கிறேன்.)

முதலில் என் குற்றம். பத்தாவது முடிந்தபோது இரண்டு பேரும் ப்யூர் மேத்ஸ்தான் எடுப்போம் என்று சத்தியம் செய்தோம். அதில் என் பங்கை வாபஸ் வாங்கிவிட்டேன். அப்ளைடு மேத்ஸ் எடுத்திருக்கிறேன். ப்யூர் என்றால் சுத்தம். எனக்கும் அது சுத்தமாகப் புரியவில்லை. நீ சமன்பாட்டுக்கு அடியில் உட்கார்ந்து வேர் தேடு. நான் மரத்தின் மேல் ஏறி மாங்காய் பறித்துக்கொள்கிறேன். வட்டி, புள்ளிவிவரம், நிகழ்தகவு என்று இந்தக் கணக்குக்குக் கையும் காலும் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "எதையோ படி, பாஸாகு" என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டுக் கல்விக் கொள்கை.

இனி உன் அண்ணன். உங்கள் தோப்பு இந்த வருடம் ஏமாற்றிவிட்டதால் அத்தை அவனை இங்கே அனுப்பிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அப்பா தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டார். கார் கதவுக்குக் கீல் அடிக்கிற பிரஸ் ஷாப். அப்பா அங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசர். கேட்டில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு பலகை தொங்கும். தினமும் காலையில் கொக்கியிலிருந்து பழைய எண் தகட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவதும் அவர் வேலை. தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆயிரம் ஆனால் முதலாளி பிரியாணி போடுகிறார். அதற்காக இப்போதே நாலாவது கொக்கியும் வெல்டிங் செய்தாயிற்று.

மச்சான் என் அறையில் படுத்துக்கொண்டு குறட்டையால் என் நிகழ்தகவைக் கலைக்கிறான். மற்றபடி சுகம்.

உன் துரோகி,
ஹரீஷ்


கிருஷ்ணகிரி
29 ஜூன் 2025

ஹரீஷ்,

கடிதத்தின் ஒரு பாதியில் சிரிப்பு வந்தது. மீதிப் பாதியில் கோபம் வந்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவதாகச் சொன்ன ஆள், பள்ளிக்கூடம் மாறியதோடு பாடத்தையும் மாற்றிக்கொண்டான்.

எனக்கு ப்யூர் மேத்ஸ் ஏன் பிடிக்கிறது என்று உனக்கு ஒருமுறையும் சொன்னதில்லை. போர்டில் எழுதியது உண்மையா பொய்யா என்று அந்தப் போர்டுக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. வெளியே போய் யாரிடமும் கேட்க வேண்டாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். வேறு எந்தப் பாடத்திலும் அந்த நிம்மதி இல்லை. போர்டு பரீட்சைக்குப் பெயர் பதியும்வரை பாடம் மாறலாம் என்று எங்கள் சார் சொன்னார். உன் பள்ளியிலும் அப்படித்தான் இருக்கும். யோசி.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். போன ஞாயிறு அண்ணன் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். தூக்கத்தில் அவன் இரண்டு கையும் முன்னால் போவதும் திரும்புவதுமாக இருந்தன. எதையோ வைத்துவிட்டு எடுக்கிற மாதிரி. பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்ததும், "உனக்கு அங்க என்ன வேலண்ணா?" என்றேன். "பட்டன் அமுக்கற வேல. லிஃப்ட்டு மாதிரி" என்றான்.

அது என்ன லிஃப்ட்?

சௌமியா


ஓசூர்
13 ஜூலை 2025

சௌமியா,

இந்தக் கடிதத்தை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். டேப் கிழிந்திருந்தால் உன் அண்ணன் படித்துவிட்டான் என்று அர்த்தம்.

எங்கள் அப்ளைடு மேத்ஸ் மாதேஸ்வரி மிஸ் எல்லோருக்கும் ஒரு பிராஜெக்ட் கொடுத்தார்கள். "பக்கத்துல இருக்கறதுல எதையாவது நீங்களே எண்ணுங்க. கூகுள்ல எடுத்துட்டு வந்தா எனக்குத் தெரியும்." பசங்கள் டிராஃபிக் சிக்னல், டீக்கடை வடை என்று போனார்கள். எனக்கு யாரும் எண்ணாததை எண்ண வேண்டும் என்று திமிர். ஷிஃப்ட் விடும்போது கம்பெனி கேட்டுக்கு எதிரில் போய் நின்றேன். "அண்ணா, இன்னிக்கு எனக்குப் பொறந்த நாளு" என்று வெளியே வருகிற எல்லோரிடமும் கை நீட்டினேன். ஷிஃப்ட் மாற்றி மாற்றி நாலு நாள் பிறந்தேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பிடித்துக் குலுக்கிவிட்டு, சாக்லெட் கேட்டுவிட்டுப் போனார்கள்.

விரல் விட்டு எண்ணலாம் என்பார்களே, நான் விட்ட விரல்களை எண்ணினேன்.

முதல் நாள் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாள் வெங்கடப்பன் அண்ணன் கையைப் பிடித்தபோது என் உள்ளங்கைக்குள் பாதிக் கைதான் வந்தது. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டார். "ரெண்டு வெரலு அத்திப்பள்ளி போச்சு கண்ணு" என்றார், ஏதோ டூர் போன மாதிரி.

அத்திப்பள்ளி தெரியும்தானே, எல்லை தாண்டியதும் வருகிற கர்நாடக ஊர். கம்பெனியில் யாருக்காவது அடிபட்டால் மேனேஜர் காரில் ஏற்றி அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இந்தப் பக்கம் காட்டினால் பேப்பர் எழுத வேண்டும், இன்ஸ்பெக்டர் வருவார். அந்தப் பக்கம் 'வண்டியிலிருந்து விழுந்தார்' என்று சொன்னால் முடிந்தது. வெங்கடப்பன் அண்ணன் போனது போன வருடம் ஆடியில். அன்றைக்கும் பலகையில் ஒரு நாள் கூடியிருக்கிறது. மாட்டியது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொருத்தரிடமும் எந்த மிஷின், எப்போது என்று கேட்டுக் காலக்கோடு ஒன்று போட்டு, போன ஒவ்வொரு விரலுக்கும் அதன்மேல் ஒரு புள்ளி வைத்தேன். முக்கால்வாசிப் புள்ளிகளும் நாலாம் நம்பர் பிரஸ். ஏன் என்றும் கேட்டேன். அதில் இரண்டு பட்டன் இருக்கிறது. இரண்டையும் இரண்டு கையால் அமுக்கினால்தான் மேல் கட்டை இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க முடியாது. ஆனால் அப்படிச் செய்தால் நேரம் பிடிக்கும், டார்கெட் வராது. அதனால் ஒரு பட்டனில் ஐஸ் குச்சியைச் செருகி டேப் சுற்றிவிடுவார்கள். ஒரு கை அமுக்கும், இன்னொரு கை உள்ளே போய் எடுக்கும்.

புள்ளிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைச் சராசரி போட்டேன். என் கணக்குப்படி அடுத்த புள்ளி ஆயுத பூஜைக்குள் விழ வேண்டும்.

நாலாம் நம்பரில் இப்போது உட்கார்ந்திருப்பது உன் லிஃப்ட் ஆபரேட்டர்.

அத்தையிடம் சொல்லாதே. சொன்னால் மச்சானுக்கு வேலை போகும். அப்பாவுக்கும் போகும்.

ஹரீஷ்


கிருஷ்ணகிரி
20 ஜூலை 2025

ஹரீஷ்,

அண்ணன் வெளியே பெஞ்சில் இருக்கிறான். டப்பாவைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

உன் கணக்கு தப்பு. ஆயுத பூஜைக்குள் விழ வேண்டும் என்று எதுவும் இல்லை. நாணயம் பத்து முறை பூ விழுந்தது என்பதற்காகப் பதினொன்றாவது முறை தலைக்கு அவசரம் வராது. அந்த மிஷினுக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை எப்போது கடித்தோம் என்று அது எண்ணிக்கொண்டிருக்கவில்லை. சராசரியை வைத்துத் தேதி குறிக்கிற வேலையை ஜோசியரிடம் விட்டுவிடு.

எழுதி முடித்ததும் எனக்கே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி சரியா என்று தெரியவில்லை.

அண்ணனிடம் கேட்டேன், "குச்சிய எடுத்துட்டு வேல செய்ய முடியாதா?" பத்து விரலையும் என் முகத்துக்கு நேராக விரித்து, "எண்ணிக்க" என்றான். பிறகு, "மாமா இருக்காரு. எனக்கு ஒண்ணுன்னா பார்த்துட்டு இருப்பாரா?" என்றான்.

மாதேஸ்வரி மிஸ்ஸிடம் அந்தப் புள்ளிகளைக் காட்டு. தேதியைச் சொல்லாதே. புள்ளிகளை மட்டும் காட்டு.

மணி அடித்துவிட்டது.

சௌமியா


ஓசூர்
3 ஆகஸ்ட் 2025

சௌமியாவுக்கு,

நல்ல செய்தி. நான் ப்யூர் மேத்ஸுக்கு மாறிவிட்டேன். நம் சத்தியம் காப்பாற்றப்பட்டது. கை தட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். மிஸ்ஸிடம் காட்டுவதற்கு முந்தின நாள் சார்ட்டைக் கூடத்தில் விரித்து ஸ்கெட்ச் அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். நின்று பார்த்தார். அடிப்பார் என்று முதுகை ரெடி பண்ணிக்கொண்டேன். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத யாரு கேட்டா?"

"மிஸ்ஸு."

"மிஸ்ஸு எங்க கம்பெனியில வேல செய்யுதா?"

"இல்லப்பா."

"அப்ப எதுக்குடா எங்க வெரல எண்ணற?"

ஸ்கெட்சுக்கு மூடி போட்டேன். அவரே பேசினார். "இன்னொரு கணக்கு இருக்குதே, எக்ஸு ஒய்யின்னு. நாளைக்கே அதுக்கு மாறிடு. இன்ஜினியரிங்குக்கும் அதுதான் வேணுமாம். எக்ஸுக்கு வெரலு கெடயாது. எவன் வாயையும் கெளற வேணாம்."

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. என் பென்சிலை எடுத்தார். கோட்டின் இடது ஓரத்துக்குப் போய், நான் ஆரம்பித்த இடத்துக்கும் முன்னால், ஒரு புள்ளி வைத்தார். சார்ட்டை நாலாக மடித்துத் தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அவருடைய இடது சுண்டுவிரல் பாதியில் நிற்கும், நீ பார்த்திருப்பாய். பாரூரில் கரும்பு ஆலையில் போனது என்று சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறார். கேட்டில் அத்தனை பேர் கையைக் குலுக்கினேன். வீட்டில் இருக்கிற கையை விட்டுவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டுப் பாடத்தை மாற்றிவிட்டுப் போனார். மாதேஸ்வரி மிஸ் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நீதான் சொன்னாயே, மிஷினுக்கு ஞாபகம் கிடையாது, தேதி எதுவும் கிடையாது என்று. அதைத்தான் தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆயிரமாவது நாளுக்குப் புதுத் தகடுகள் பெயிண்ட் அடித்து வந்துவிட்டன. ஒரு ஒன்று, மூன்று சுழியம். எங்கள் பீரோ மேல் காய்கின்றன. "இதுல உன் வெளையாட்டக் காட்டுன, தோல உரிச்சிருவேன்" என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் எதுவும் யோசித்திருக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹரீஷ்


கிருஷ்ணகிரி
10 ஆகஸ்ட் 2025

ஹரீஷ்,

என் பக்கம் வந்துவிட்டாய். நான் சந்தோஷப்பட வேண்டும். நீ மழைக்கு ஒதுங்குகிறவன் மாதிரி வந்திருக்கிறாய்.

மிஷினுக்கு ஞாபகம் கிடையாது என்று நான் எழுதியது ஒரு நாளுக்கு. எல்லா நாளுக்கும் சேர்த்து அல்ல. ஞாபகம் இல்லாத ஒன்றின் முன்னால் தினமும் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போடு. உனக்குத் தெரியும். அப்ளைடு மேத்ஸில் அது இரண்டாவது பாடம் என்று இங்கே ஒரு பெண் சொன்னாள்.

அண்ணன் இன்று சிரித்துக்கொண்டேதான் வந்தான். ஆயிரமாவது நாளுக்கு எல்லோருக்கும் எவர்சில்வர் தூக்கு கொடுக்கிறார்களாம். அதில் எனக்குக் கொழுக்கட்டை கொண்டு வருகிறானாம்.

சௌமியா


கிருஷ்ணகிரி
31 ஆகஸ்ட் 2025

ஹரீஷ்குமாருக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். டப்பாவுக்கு அடியில் வைக்க முடியாது. காரணம் உனக்குத் தெரியும்.

இரண்டு ஞாயிறு அண்ணன் வரவில்லை. அம்மாதான் பஸ்ஸில் வந்து டப்பா கொடுத்தாள். "வண்டியில விழுந்துட்டான், லேசா அடி" என்றாள். அம்மா அதை நம்புகிறாள். இன்று அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வலது கையில் பெரிய கட்டு.

எனக்கு ஒரு நிரூபண முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நிரூபிக்க வேண்டியதற்கு நேர் எதிரானதை உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அது எங்கே கொண்டுபோய்விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அண்ணன் வண்டியிலிருந்து விழுந்தான் என்று வைத்துக்கொள்வோம். விழுந்திருந்தால் முட்டி தேய்ந்திருக்கும். தேயவில்லை. முழங்கை உரிந்திருக்கும். சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. வண்டியின் கண்ணாடி உடைந்திருக்கும். அம்மா அந்த வண்டியைத்தான் பக்கத்து வீட்டுப் பையனை ஓட்டச் சொல்லி வந்திருக்கிறாள், கண்ணாடி இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஆகவே அண்ணன் வண்டியிலிருந்து விழவில்லை.

இதை நிரூபிக்க எனக்கு ஒரு நிமிடம் ஆனது. நிரூபித்து என்ன ஆனது? கட்டு அங்கேயேதான் இருந்தது. "எண்ணிக்க" என்று அவன் இப்போது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டுக்குள் எத்தனை என்று நீ எழுது.

என் ஒரு வாக்கியத்தை எடுத்து உன் வாயை அடைத்துக்கொண்டாய். அந்த வாக்கியம் சரியானது. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சௌமியா


ஓசூர்
7 செப்டம்பர் 2025

சௌமியா,

மூன்று. ஆள்காட்டி, நடு, மோதிரம். பேனா பிடிக்கிற இடம்.

நான் அங்கே இல்லை. மச்சான் சொன்னதுதான். அன்று டார்கெட் இன்னும் ஏற்றியிருந்தார்கள், விழாவுக்கு முன்னால் லோடு போக வேண்டும் என்று. சத்தம் கேட்டு அப்பாதான் முதலில் ஓடியிருக்கிறார். மேனேஜர் காரைத் திருப்பினார். அப்பா பின் சீட்டில் மச்சானை மடியில் சாய்த்துக்கொண்டு போயிருக்கிறார். எல்லை செக்போஸ்டில் வண்டிகள் நின்றன. ஓசூரிலேயே மூன்று ஆஸ்பத்திரிகளைத் தாண்டிப் போய், அங்கே வரிசையில் காத்திருந்தார்கள். "மாமா, இங்கயே எறக்கிடு மாமா" என்று கேட்டானாம். அப்பா அவன் கையில் சுற்றியிருந்த துணியை இன்னும் இறுக்கினாராம். அத்திப்பள்ளியில் நர்ஸ் கன்னடத்தில் "ஏனூ ஆகல்லா, ஏனூ ஆகல்லா" என்று சொல்லிக்கொண்டே கட்டினாராம். எதுவும் ஆகாது என்று. எல்லாம் ஆன பிறகு.

மறுநாள் காலை நான் சைக்கிளில் கேட்டுக்குப் போய் எதிரில் நின்றேன். அப்பா வந்தார். நேற்றைய தகட்டைக் கழற்றினார். அதைவிட ஒன்று கூடியதை மாட்டினார். அது நேராகத் தொங்குகிறதா என்று இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

மச்சான் உன்னைப் பார்த்த மறுநாளே இங்கே திரும்பிவிட்டான். இடது கையால் சோறு பிசைகிறான். அம்மா ஊட்டப் போனால் நகர்ந்துகொள்கிறான். அப்பா அதைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார், தட்டைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து. நாலாம் நம்பரில் வேறு ஒரு பையன் உட்கார்ந்துவிட்டான். பர்கூர் பக்கமாம். அவனோடும் கை குலுக்கினேன். முழுக் கை.

மாதேஸ்வரி மிஸ்ஸிடம் போய், திரும்பவும் அப்ளைடு மேத்ஸுக்கு வர வேண்டும் என்றேன். "இன்ஜினியரிங் போயிடும். தெரியுமா?" என்றார்கள். தெரியும் என்றேன். "என்னத்த எண்ணப் போற?" என்றார்கள். விட்ட இடத்திலிருந்து என்றேன். பதிவு முடியப் போகிறது, பதிமூன்றாம் தேதி சனிக்கிழமைக்குள் அப்பா கையெழுத்து வேண்டும் என்று ஒரு பேப்பர் கொடுத்தார்கள். கையெழுத்து விழுந்தால் மற்ற பிராஜெக்டுகளோடு அந்தப் புள்ளிகளும் பள்ளிக்கூடச் சுவரில் ஏறும், மூலையில் என் பெயர், பக்கத்தில் என் அப்பா பெயர். அது அவருக்கும் தெரியும். பேப்பரை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். ஐந்து நாளாக அந்தப் பேப்பர் வீட்டுக்குள் சுற்றுகிறது.

அந்தச் சனிக்கிழமைதான் ஆயிரமாவது நாள். முதலாளி, கார் கம்பெனிக்காரர்கள், போட்டோகிராபர், எல்லோரும் கேட்டுக்கு வருகிறார்கள். அப்பா தகடு மாட்டுவதைப் போட்டோ எடுப்பார்களாம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தேடினேன். கிடைத்ததெல்லாம் விளையாட்டாகவே வருகிறது. அதனால் எழுதவில்லை.

ஹரீஷ்


ஓசூர்
13 செப்டம்பர் 2025, சனி

சௌமியா,

இதை எழுதி உடனே தபாலில் போடப் போகிறேன். உனக்குக் கிடைக்கும்போது இதற்குமேல் என்ன நடந்தது என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

அப்பா விடிவதற்குள் கிளம்பிவிட்டார். புதுச் சட்டை. அம்மா விபூதி வைத்துவிட்டாள். போகும்போது மச்சான் படுத்திருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார் என்று அம்மா சொல்கிறாள். நான் தூங்கிவிட்டேன்.

எழுந்ததும் பீரோ மேல் பார்த்தேன். மூன்று சுழியங்களும் இல்லை. ஒன்று இருக்கிறது.

மறந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். தகட்டுக்கு அடியில் என் பேப்பர் இருந்தது. கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கும் அடியில் நாலாக மடித்த என் சார்ட். பிரித்தால், கோட்டின் வலது ஓரத்தில் புதிதாக மூன்று புள்ளிகள். என் பென்சில் இல்லை, கம்பெனியில் தகட்டின்மேல் குறி போடுகிற சிவப்புச் சாக்பீஸ்.

மச்சான் எழுந்து வந்து பார்த்தான். கட்டுப் போட்ட கையால் அந்த ஒன்றைத் தொட்டான்.

விழா ஒன்பது மணிக்கு. மணி பத்தாகப் போகிறது. அப்பா போன் ஸ்விட்ச் ஆஃப். மேனேஜர் அம்மாவுக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டார். அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. "கேட்ல மூணு சுழிதான் தொங்குது. உங்க பையன் எங்க? அவன் வேலையா இது?" என்று கேட்கிறார். இப்போது தெருமுனையில் கம்பெனி கார் திரும்புகிறது. மச்சான் செருப்பைத் தேடுகிறான்.

நான் எடுக்கவில்லை, சௌமியா. இந்த ஒரு முறை நம்பு. நான் இல்லை.

ஹரீஷ்